வழித்தண்ணீர்

தெருவில் அவளுக்குக் கழுத்துக்காரி என்று பெயர். கழுத்து நீளம் என்றோ, கழுத்தில் நகை மின்னும் என்றோ நினைத்துவிட வேண்டாம். எதிரே யார் வந்தாலும் அவள் பார்வை முதலில் கழுத்தில் போய் நிற்கும், அதன் பிறகுதான் முகத்துக்கு ஏறும். தபால்காரருக்குக் கழுத்தில் கட்டி வரப்போகிறது என்று ஆறு மாதம் முன்பே அவள் சொல்லிவிட்டதாக ஒரு கதை உண்டு. தனக்குக் கட்டியே வரவில்லை என்று தபால்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தெரு கேட்கவில்லை.

இருபத்து நாலு வருடம் நாற்றுகளோடு கிடந்ததால் வந்த பழக்கம் அது. நாற்றுத் தண்டு மண்ணை விட்டு வெளியே வருகிற இடம் நூல் பருமன்தான் இருக்கும். காய்கறி நாற்று வளர்த்து விற்கும் அந்த வீட்டில் அதற்குக் கழுத்து என்று பெயர். இலை பளபளக்கிறதா, தண்டு நிமிர்ந்து நிற்கிறதா என்பதையெல்லாம் அவள் நம்பமாட்டாள். குனிந்து கழுத்தைப் பார்த்த பிறகுதான் ஒரு நாற்றுக்கு உயிர் இருப்பதாக ஒத்துக்கொள்வாள்.

இருபத்தொரு வயதில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள். வீட்டைக் கட்டிய புண்ணியவான் என்ன நினைப்பில் கட்டினாரோ, முன்னால் நாற்றுக் கொட்டகை, பின்னால் வீடு. வேறு வாசல் கிடையாது. பின்பக்கம் ஏதோ தொழிற்சாலையின் மதில். அடுக்களையிலிருந்து தெருவுக்குப் போக வேண்டுமானால் கொட்டகையை நீளவாக்கில் எட்டு வைத்துக் கடந்தாக வேண்டும். நாற்பது எட்டு. இரண்டு பக்கமும் இரும்புக் குழாய் மேடைகள், மேடை முழுக்கக் குழித்தட்டுகள், தட்டுக்குத் தொண்ணூற்றெட்டுக் குழி, குழிக்கு ஒரு நாற்று. அந்த நாற்பது எட்டுக்குள் நாலு வேலையாவது கண்ணில் பட்டுவிடும். ஒரு தட்டு காய்ந்திருக்கும், ஒரு தட்டு சாய்ந்திருக்கும், எங்கோ ஒரு படுதாவின் கயிறு அவிழ்ந்திருக்கும். சோப்பு வாங்கக் கிளம்பினவள் பாதி வழியில் பூவாளியோடு நின்றுகொண்டிருப்பாள். அதற்குள் கடை மூடிவிடும். ஒரு தடவை சோப்பு வாங்க மூன்று நாள் ஆனது என்று அவள் மகள் சொல்வாள். நான்கு நாள் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

வந்த முதல் வாரமே மாமியார் அவள் கையில் இருட்டறைச் சாவியைக் கொடுத்துவிட்டாள். இருட்டறை என்பது வீட்டை ஒட்டிய சின்ன அறை. ஜன்னலுக்குக் கறுப்புத்தாள் ஒட்டியிருக்கும். விதை போட்ட தட்டுகளைப் பத்துப் பத்தாக அடுக்கி, பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, அங்கே வைப்பார்கள். உள்ளே வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். முளைவிடும் நேரம் பார்த்து வெளிச்சத்துக்கு மாற்றுவதுதான் வேலை. கேட்க எளிது. ஆனால் இருட்டில் முளைத்த நாற்றுக்கு ஒரே ஒரு யோசனைதான் இருக்கும், வெளிச்சம் எங்கே என்பது. இலை விரிப்பதைப் பற்றியோ பச்சை பிடிப்பதைப் பற்றியோ அதற்குக் கவலை கிடையாது. தலையைக் கொக்கி போல வளைத்துக்கொண்டு, உள்ள சத்தையெல்லாம் தண்டில் போட்டு, மேலே மேலே நீளும். வெளிச்சம் பட்ட உடனே அந்த ஓட்டம் நிற்கும், கொக்கி நிமிரும், இலை விரியும். அரை நாள் பிந்தினால் போச்சு. வெள்ளை வெளேரென்று, ஒட்டடைக் குச்சி மாதிரி வளர்ந்து, தன் தலையைத் தானே தாங்க முடியாமல் விழுந்துவிடும்.

புதுப்பெண்ணாக இருந்தபோது அவள் ஒரு தடவை ஒரு நாள் பிந்திவிட்டாள். நாற்றுகள் தாளைத் தள்ளிக்கொண்டு நின்றன. அடுத்த வருடம் மாமியார் அந்தக் கதையைச் சொன்னபோது நாற்றுகள் மேல் தட்டைத் தூக்கிவிட்டிருந்தன. ஐந்தாம் வருடம் கதவைத் திறக்க முடியாமல் ஆள் வைத்துத் தள்ள வேண்டியிருந்தது. மகளுக்குக் கதை கேட்கிற வயது வந்தபோது அவை கூரை ஓட்டைப் பிரித்துவிட்டன. அவள் எதையும் மறுக்கவில்லை. மறுத்தால் வேறு ஒரு கதை வளரும் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு வெகுகாலம் அவள் பிந்தவே இல்லை. தாளுக்கு வெளியே கையை வைத்தாலே உள்ளே கொக்கி எழும்பிவிட்டதா என்று சொல்லிவிடுவாள். கொட்டகைக்கு வந்த நாற்றுகள் தெருப்பக்க வெளிச்சத்தைப் பார்த்து ஒட்டுமொத்தமாகச் சாயும். வெயில் படாத பக்கத்துத் தண்டு அதிகம் நீண்டு, மற்றப் பக்கத்தைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான் சங்கதி. பார்ப்பதற்குக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே பக்கம் எட்டிப் பார்ப்பது போல இருக்கும். தினமும் காலையில் அவள் ஒவ்வொரு தட்டாகத் திருப்பி வைப்பாள். மறுநாள் அவை மறுபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும். பழைய துணியைக் கம்பில் கட்டி, இலை நுனியில் படும்படி ஒரு தரம் தடவிக்கொண்டே போவாள். ஆட்டம் காணாத தண்டு தடிக்காது. காற்றில் ஆடினது குட்டையாக, கெட்டியாக நிற்கும். இதையெல்லாம் அவளுக்கு மாமியார் சொல்லிக்கொடுத்தாள். சொல்லிக்கொடுத்த மறுநாளிலிருந்து மாமியார் கொட்டகைப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் விட அவள் பயந்தது நாற்றழுகல் நோய்க்குத்தான். அது சொல்லிக்கொண்டு வராது. சாயங்காலம் பார்த்தால் கோவில் சிலை மாதிரி நிற்கும். காலையில் தட்டின் நடுவே ஒரு உள்ளங்கை அகலத்துக்கு நாற்றுகள் படுத்திருக்கும். இலை அப்போதும் பச்சையாகத்தான் இருக்கும். கழுத்தைப் பார்த்தால் தண்ணீர் கோத்து, இற்று, தலைமுடி போல மெலிந்திருக்கும். விழுந்தது எழுந்திருக்காது. மதியத்துக்குள் அந்த வட்டம் பெரிதாகும், பக்கத்துத் தட்டுக்கும் போகும்.

அவளுக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருடம் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. ஐந்து நாள் போய்விட்டு வரலாம் என்று பேச்சு. அந்த வீட்டில் வழித்தண்ணீர் என்று ஒரு வழக்கம் இருந்தது. நாற்றுகளைப் பார்த்துக்கொள்கிற பெண் வெளியூர் போவதானால், போவதற்கு முன் மூன்று சாயங்காலம் எல்லாத் தட்டுகளுக்கும் அடியில் ஒழுகும் வரை தண்ணீர் விட வேண்டும், காற்றடித்துக் காயாமல் படுதாக்களை இறக்கிக் கட்ட வேண்டும். நாம் இல்லாத நாட்களில் பிள்ளைகள் வாடக் கூடாதல்லவா. மாமியாருக்கு அவளுடைய மாமியார் சொன்னது. அவள் ஆசையாக விட்டாள். சாயங்காலத்துக்கு ஒரு நடைக்குப் பதில் இரண்டு நடை நடந்தாள். கிளம்பும் நாள் காலையில் மூன்று மேடை நாற்று படுத்திருந்தது. பொறுக்கி, பிரித்து, மருந்து தெளித்து மீட்பதற்குள் தங்கை புருஷன் வீட்டுக்கே போய்விட்டாள்.

ஏழாம் வருடம் ஊரில் அவள் அப்பா படுக்கையில் விழுந்தார். இந்தத் தடவை அவகாசம் இல்லை, இரண்டு சாயங்காலம்தான் தண்ணீர் விட முடிந்தது. அழுதுகொண்டே விட்டாள், ஆகவே அதிகமாக விட்டாள். பஸ் ஏறி இரண்டு ஊர் தாண்டியிருப்பாள், அவள் கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு துரத்தி வந்து பஸ்ஸை மறித்தார். நாற்றுத் தட்டுகளைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய்ப் போடும் சின்ன வண்டி அது. அவர் நல்லவர். நல்லவர் என்பதற்கு மேல் சொல்ல எதுவும் கிடையாது. நாலாவது மேடை விழுகிறது, அம்மா அழுகிறாள், ஒரே ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போ என்றார். அந்த ஒரே ஒரு நாளில்தான் அப்பா போனார்.

பள்ளி முடித்த மகளைக் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட வேண்டிய நாளிலும் அப்படியே ஆனது. கணவர்தான் கூட்டிக்கொண்டு போனார்.

அதற்குள் தெரு முடிவுகட்டிவிட்டது. கழுத்துக்காரி வாசலைத் தாண்டினால் நாற்று தலையைத் தொங்கப்போட்டுவிடும். அவள் மூச்சுக்காற்று இல்லாமல் அதுகள் பிழைக்காது. பக்கத்து வீட்டுக்காரி வாடிய ரோஜாத் தொட்டியைக் கொண்டுவந்து, ஒன்றும் செய்ய வேண்டாம், பக்கத்தில் ஐந்து நிமிடம் நில் போதும் என்று கெஞ்சினாள். இவளும் நின்றாள். ரோஜா பிழைத்ததா என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்கு அதில் வேதனை இருந்தது, உண்மை. கொஞ்சம் இனிப்பும் இருந்தது, அதுவும் உண்மை. தன்னைக் காணாமல் ஆயிரம் உயிர் வாடுகிறது என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

இப்படியாக இருபத்து நாலு வருடம். கொட்டகையின் நாற்பது எட்டு, அடுக்களை, இருட்டறை. தெருமுனைக்கு அப்பால் எந்தக் கடை எங்கே மாறியிருக்கிறது என்று கணவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வாள்.

மகள் நாலு மணி நேரப் பஸ் தூரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். முதல் பிரசவம். மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை, அவரும் வேலை நிமித்தம் வாரத்தில் மூன்று நாள் வெளியில். குழந்தை எடை குறைவாக இருக்கிறது, எழுந்து நடமாடக் கூடாது, பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் போனில் அழவில்லை. அழுதிருந்தால் கூடத் தேவலை.

"அம்மா, வர முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. நான் ஆள் வச்சுக்கறேன். கடைசி நாள்ல வண்டியை அனுப்பி உன்னைத் திருப்பிக் கூட்டிட்டுப் போறதை என்னால பார்க்க முடியாது."

வியாழக்கிழமை பத்து மணிப் பஸ்ஸில் வருகிறேன் என்றாள் இவள்.

"சத்தியமா?"

"நான் வர்றேன்டி."

சத்தியம் பண்ணவில்லை. மகள் அதையும் கவனித்தாள் போலிருக்கிறது, போனை வைத்துவிட்டாள்.

திங்கள் சாயங்காலம் வழித்தண்ணீர் ஆரம்பமானது. இந்தத் தடவை ஒரு நாற்றுக் கூட விழக் கூடாது என்று அவள் வைராக்கியமாக இருந்தாள். குடம் குடமாகச் சுமந்தாள் என்று தெருவில் சொல்கிறார்கள். அது பொய், ரப்பர் குழாய் இருந்தது. ஆனால் தட்டுகளுக்கு அடியில் ஒழுகின தண்ணீர் வாசல் வரை ஓடி, எதிர்வீட்டுப் பூனை அதைத் தாண்டத் தயங்கி நின்றது என்பது நிஜம். செவ்வாய்க்கிழமை வானம் மூடிக்கொண்டது. வெயில் இல்லை. அன்றும் விட்டாள். புதன்கிழமையும் விட்டு, படுதாக்களை எல்லாம் இறக்கி, காற்றுப் புகாமல் கயிறு போட்டுக் கட்டினாள். அடுக்களை ஜன்னலிலிருந்து மாமியார் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் கொட்டகைக்குள் வந்தவள் மூன்றடி வைத்து நின்றாள். இடது பக்கம் இரண்டாவது மேடை, தக்காளி. நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம்.

எட்டு மணிக்கு ஐந்து மேடை. சாயங்காலம் நாலு மணிக்குத் தோட்டக்காரர் ஒருவர் தக்காளியும் முட்டைக்கோசும் எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார். கணவர் வந்து பார்த்தார். வாசல் படியில் கட்டித் தயாராக வைத்திருந்த அவளுடைய பையை எடுத்துக்கொண்டு நாற்பது எட்டு நடந்து, உள்ளே கட்டிலின் மேல் வைத்துவிட்டு வந்தார். வழக்கமாக வைக்கும் இடத்தில். அவர் அதைக் கோபமாகச் செய்திருந்தால் அவளால் சண்டையாவது போட்டிருக்க முடியும்.

அவள் கவிழ்த்துப்போட்ட பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து விழுந்தவற்றைப் பொறுக்க ஆரம்பித்தாள். கை தானாக வேலை செய்தது. மகளுக்கு எப்படிச் சொல்வது என்று வாய் மட்டும் வார்த்தை தேடிக்கொண்டிருந்தது. படுதாக்கள் இறக்கிக் கட்டியபடியே கிடந்ததில் உள்ளே காற்றே இல்லை. புடவை உடம்போடு ஒட்டியது.

முழுக்கப் போய்விட்ட தட்டுகளைக் கொட்டகையின் கடைசி மூலையில் கொண்டுபோய்ப் போடுவது வழக்கம். ஆறு தட்டை அடுக்கித் தூக்கிக்கொண்டு அங்கே போனாள். போன வாரம் கழித்துப் போட்ட தட்டுகள் நாலைந்து அங்கே கிடந்தன. மகள் போன் பண்ணின அன்று அவள் மனம் எங்கோ இருந்து, இருட்டறையில் அரை நாள் பிந்திப்போனவை. வெளுத்து, நீண்டு, தலை கனத்து நின்ற நாற்றுகள். யார் கேட்டாலும் கொடுக்க முடியாது என்று ஒதுக்கிப் போட்டிருந்தாள். அந்த மூலையில் படுதா ஒரு முழம் கிழிந்திருந்தது. கிழிசல் வழியாக வெளிச்சமும் காற்றும் வந்தன. எல்லா நாற்றும் அந்தக் கிழிசலைப் பார்த்துச் சாய்ந்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன.

நின்றன என்பதுதான் அவளைத் தட்டியது.

நியாயமாக முதலில் போக வேண்டியவை அவைதான். தெம்பில்லாத தண்டு, நெருக்கம், கவனிப்பார் கிடையாது. கையில் இருந்த ஆறு தட்டையும் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். ஒரு கழுத்தைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள். விரலால் சுண்டிப் பார்த்தாள். வெளிறியிருந்தது, ஆனால் இறுக்கமாக இருந்தது. ஒரு தட்டு முழுக்கப் பார்த்தாள், இரண்டாவது தட்டையும் பார்த்தாள். ஒன்று கூட இற்றுப்போகவில்லை. குழிக்குள் விரலை விட்டாள். மேலே காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது, அடியில் லேசாக ஈரம். பிறகு தான் கொண்டுவந்த தட்டில் விரலை விட்டாள். விரலைச் சுற்றித் தண்ணீர் ஊறி மேலே வந்தது.

கழித்துப் போட்டவற்றுக்கு அவள் வழித்தண்ணீர் விடவில்லை. விடத் தோன்றவே இல்லை.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தங்கை கல்யாணத்துக்கு மூன்று சாயங்காலம், இரண்டு நடை. அப்பாவுக்கு இரண்டு சாயங்காலம், அழுதுகொண்டு. மகளை விடுதியில் விடும்போது மூன்று. இத்தனை வருடத்தில் எத்தனையோ நாள் காய்ச்சலில் படுத்திருக்கிறாள், பிரசவத்துக்கே பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். வலி திடீரென்று வந்ததால் தண்ணீர் விட நேரமே இருக்கவில்லை. அப்போதெல்லாம் நாற்றுகள் பாட்டுக்கு நின்றன. அதை ஏன் யாரும், தான் உட்பட, ஒரு தடவை கூட நினைத்துப் பார்க்கவில்லை? நினைத்துப் பார்த்தால் தான் இல்லாவிட்டாலும் நடக்கும் என்று ஆகிவிடும் அல்லவா.

ஒன்பது மணிக்கு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். மாமியார் முறத்தில் விதை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, வழித்தண்ணிதான் கொல்லுது."

மாமியார் நிமிரவில்லை. இரண்டு பொக்கு விதையை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"உங்கப்பா காரியத்துக்கு நீ போயிருந்தியே, அந்த வாரம். எனக்கு முழங்கால் பிடிச்சுக்கிச்சு. உன் புருஷனுக்கு வண்டியைத் தவிர ஒண்ணும் தெரியாது. ஏழு நாள்ல ரெண்டு தடவைதான் தண்ணி விட்டோம். மிச்சமிருந்தது ஒண்ணு கூட விழல."

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். பதினேழு வருடம்.

"சொல்லலையே."

"எப்படிச் சொல்றது? நீ அப்பாவைப் பறிகுடுத்துட்டு வந்து நிக்கறே. நீ ஊத்தின தண்ணிதான்டீன்னு சொல்லவா?"

"அப்புறம் சொல்லியிருக்கலாமே. முந்தாநாள் சொல்லியிருக்கலாமே."

முறம் நின்றது.

"எங்கம்மா செத்தப்போ நானும் இங்கதான் அழுகினதைப் பொறுக்கிட்டிருந்தேன். எனக்கு யாரு சொன்னா?" என்றாள் மாமியார். பிறகு விதையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ இல்லாம இது நடக்கும்னு தெரிஞ்சா, நான் இல்லாமலே நடந்திருக்கும்னு ஆயிடும். என் முப்பது வருஷத்தை எங்க கொண்டு வைக்கிறது, சொல்லு."

அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. மாமியாரின் கழுத்து, சுருக்கம் விழுந்து, முறத்தின் மேல் குனிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்க் கட்டிலிலிருந்து பையை எடுத்தாள்.

"எப்ப வருவே?" என்றாள் மாமியார்.

"தெரியல அத்தை. குழாயைத் தொடாதீங்க."

கொட்டகைக்குள் இறங்கினாள். நாற்பது எட்டு. போகிற வழியில் பையைத் தோளில் போட்டுக்கொண்டே இடப்பக்கப் படுதாக் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சுருட்டிவிட்டாள். அது ஒன்றை மட்டும் செய்தாள். வலப்பக்கம் ஒரு தட்டு மேடையின் விளிம்பில் கோணலாக இருந்தது. திருப்பி வைக்கக் கை போனது. பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மிச்சமிருந்த பதினைந்து எட்டு அவள் வாழ்க்கையிலேயே நீளமான பதினைந்து எட்டு. அதற்குள் இரண்டு பஸ் வந்து போய்விட்டன என்று கூடச் சொல்லலாம். சொன்னால் தபால்காரர் சண்டைக்கு வருவார், அவர் அப்போது வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தவர்.

வாசலில் கணவர் வண்டியில் காலி அடுக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தார். பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நாலு மணிக்கு ஆள் வருதே. யார் பேசறது?"

"நீங்க பேசுங்க."

"என்னன்னு?"

"உள்ளதைச் சொல்லுங்க. அளவு தெரியாம தண்ணி ஊத்தி நான்தான் கொன்னேன்னு சொல்லுங்க. வலப்பக்கம் படுதாவைத் தூக்கிக் கட்டுங்க. விழுந்த தட்டைத் தனியா எடுத்துடுங்க. மேல காஞ்ச மணலைத் தூவுங்க. மண்ணு காஞ்சு வெளுத்த பிறகு, காலையில மட்டும், கொஞ்சமா தண்ணி. அவ்வளவுதான், யாரு வேணா செய்யலாம்."

அவர் எதிர்வீட்டுப் பக்கம் பார்த்தார்.

"தெரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நான் இங்க இருக்கப் போறதில்லையே."

அவர் கையில் இருந்த அடுக்கைக் கீழே வைத்துவிட்டு, பஸ் நிறுத்தம் வரை கொண்டுவிடவா என்று கேட்டார். வண்டியைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பு கூசியது. நடந்தே போகிறேன் என்றாள்.

பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. நாலு மணி நேரமும் நின்றாள். முன்னால் ஒரு பெரிய அட்டைப்பெட்டி, பின்னால் ஒரு பருத்த மனிதர், பக்கத்தில் கம்பி. திரும்பக் கூட முடியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பின்னால் ஏதாவது வண்டி ஒலி எழுப்பினால் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எதுவும் பஸ்ஸை மறிக்கவில்லை. மகள் வீட்டுப் படியேறியபோது கால் வீங்கியிருந்தது.

மகள் படுக்கையிலிருந்தே அவள் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாரும் வரவில்லை என்று நிச்சயமான பிறகுதான் அம்மாவைப் பார்த்தாள்.

நாலு நாள் ஓடின. அவளுக்கு அங்கே செய்ய அதிகம் இல்லை. இரண்டு அறை, ஒரு பால்கனி, ஒரு சின்னச் சமையலறை. பாத்திரம் கழுவி, கஞ்சி வைத்து, மகளின் காலைப் பிடித்துவிட்டு, மீதி நேரம் கை சும்மா இருந்தது. சும்மா இருக்கும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குப் பழக்கமில்லை. மடியில் வைப்பாள், எடுப்பாள், ஜன்னல் கம்பியைப் பிடிப்பாள். தாய்க்கும் மகளுக்கும் பேச்சு முதலில் ஒழுங்காக வரவில்லை. வழித்தண்ணீர்க் கதையை மூன்றாம் நாள்தான் சொன்னாள். மகள், தாத்தா தன்னைத் தூக்கி வைத்திருந்த ஞாபகமே தனக்கு இல்லை என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை காலையில் கணவர் போன் பண்ணினார். வழக்கத்துக்கு மாறாக அவரே பேசினார். தோட்டக்காரர் திட்டிவிட்டு முட்டைக்கோசை மட்டும் எடுத்துக்கொண்டு போனார், அடுத்த வாரம் தக்காளிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். இருட்டறையிலிருந்து புதுத் தட்டுகளை அம்மாதான் நேரம் பார்த்து எடுத்தாள். அம்மா நாற்காலியைப் போட்டுக் குழாயின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், யாரையும் தொடவிடவில்லை.

"மிச்சம் எல்லாம் நிக்குது" என்றார்.

"இடப்பக்கம் அஞ்சாவது மேடை?"

"நிக்குது."

"மிளகாய்?"

"அதுவும்தான்."

"ஒண்ணு கூடவா விழல?"

"ஒண்ணு கூட விழல. நீ எப்ப வர்றே?"

அவள் போனைக் காதில் வைத்தபடி நின்றாள். மகள் கட்டிலிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஒண்ணாவது விழுந்திருக்கணும்னு ஆசையா?"

கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தி, கட்டில் சட்டத்தைப் பிடித்தாள். முகம் மாறியது. மறு கையை நீட்டினாள்.

"என்னங்க, நான் அப்புறம் பேசறேன். இங்க வலி வந்துடுச்சு" என்றாள் அவள். அவர் என்ன சொன்னார் என்று கேட்க நிற்கவில்லை, போனை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு மகளிடம் போனாள்.